தண்ணீர் மிஞ்சிய பாலைவனம்

கணினிக் கணக்கின்படி பாலைவனத்தில் தண்ணீர் கூடிக்கொண்டே போனது.

இரத்தினவேல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இந்த வருடம், 1996இல், நாற்பதடி ஆழத்தில் கிடக்கிற கிணற்றுத் தண்ணீர், கணினி கணித்த 2016இல் பன்னிரண்டடிக்கு ஏறி நின்றது. இருபது வருடம் பயிர் செய்தால் எந்தப் பாலைவனச் சோலையிலும் தண்ணீர் இறங்கும். இங்கே ஏறுகிறது.

கனடாவின் மார்க்கம் நகரில் இருந்த அந்தச் சின்ன ஆலோசனை நிறுவனத்தில் அவருக்கு வேலையே இதுதான். எங்கோ ஒரு பாலைவன நாட்டுச் சோலையில் எந்த நிலத்தில் எதை நட்டால் எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும் என்று கணினியில் நட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் நீர்ப்பாசன என்ஜினியராக இருந்தவர், இங்கே பிறம்ரன் நகர வேர்ஹவுஸ் ஒன்றில் ஐந்து வருடம் பெட்டி தூக்கினார். இப்போதுதான் படித்த படிப்புக்கு ஒரு கதிரை மேசை கிடைத்திருக்கிறது. அதுவும் ஆறு மாதத் தவணையில். வெள்ளிக்கிழமை தவணை முடிகிறது. கணக்குச் சரிவந்தால் வேலை நிரந்தரம்; பிசகினால் மறுபடி பெட்டி. நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

"என்ன அண்ணை, முகம் செத்துக் கிடக்கு?"

கேட்டவள் செலீன். அந்த நாட்டிலிருந்து ஃபக்ஸில் வரும் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிற மன்னார்ப் பெண்.

"தண்ணி மிஞ்சுது, தங்கச்சி."

"மிஞ்சினா நல்லதுதானே?"

"பாலைவனத்தில மிஞ்சினா ஆர் நம்புவினம்?"

சூத்திரங்களை மூன்று தரம் பார்த்தார். பிழை இல்லை. சரி, குடிக்க ஆள் போதாது என்று சனத்தொகையை இரட்டிப்பாக்கினார். வந்த சனம் கோதுமை வயலை அழித்துப் பேரீச்சை நட்டது. தண்ணீர் ஏழடிக்கு வந்தது.

ஆடுகளை விட்டுப் பார்த்தார். அவை தண்ணீரைக் குடித்ததைவிடக் காய்கறியைத் தின்றதுதான் அதிகம். தோட்டம் வெறுமையாகி இறைப்பு நின்றது. தண்ணீர் மூன்றடி.

வியாழக்கிழமை, வந்தது வரட்டும் என்று சோலை முழுவதும் பேரீச்சையை நட்டார். தண்ணீர் தரைக்கு மேலே இரண்டடி. ஒட்டகங்கள் நீந்தவேண்டிய நிலைமை.

"இப்ப எப்பிடி அண்ணை?" என்றாள் செலீன்.

"வள்ளம் வாங்க வேணும்."

திருத்த முடியாததை விளக்கிவிடுவது என்று இரத்தினவேல் முடிவெடுத்தார். வெள்ளத்தைக் கொஞ்சம் மறைத்து, பேரீச்சையின் நிழல் மண்ணின் ஈரத்தைக் காக்கிறது, அதனால்தான் தண்ணீர் ஏறுகிறது என்று நாலு பக்கம் எழுதினார். எழுதி முடித்தபோது அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முதலாளி ஹோவர்ட் நாலு பக்கத்தையும் நின்றபடியே வாசித்தார். முப்பது வருடத்தில் இப்படியொரு சோலையைக் கண்டதில்லை என்றார். எல்லா நிலத்திலும் பேரீச்சையே நடும்படி அந்த நாட்டுக்குக் கையோடு ஃபக்ஸ் போட்டார். பிறகு நிரந்தர வேலைக் கடிதத்தில் கையெழுத்திட்டு நீட்டினார்.

இரத்தினவேலுக்கு அழுகை வந்தது. மனைவி ரதிக்குப் போன் எடுத்து, "கிடைச்சிட்டுது" என்றார்.

செலீன் கேக் துண்டோடு வந்தாள்.

"சந்தோசம் அண்ணை. உந்தக் கணக்கில எனக்கும் ஒரு பங்கு இருக்கு, தெரியுமோ?"

"என்ன பங்கு?"

"அவையின்ர ஃபக்ஸில மரத்துக்கு எவ்வளவு தண்ணி விடுறது எண்ட கட்டம் மட்டும் மையழிஞ்சு கிடந்தது. உங்களைக் கரைச்சல்படுத்துவான் ஏன் எண்டு நானே சைபர் போட்டிட்டன்."

இரத்தினவேல் கேக்கை மெல்ல மேசையில் வைத்தார்.

"சைபரோ?"

"ஓம். 'பாம் ட்ரீ' எண்டுதானே எழுதியிருந்தவை. பனைக்கு ஆரண்ணை தண்ணி இறைக்கிறவை?"