ஒட்டுநாடாவில் இருந்த ஒரு முடி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தலை நிமிராமல் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அது இன்னொரு பொய்ச்சாட்சியாகிவிடும். உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறாள். நீங்கள் அங்கு நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை மட்டும் படித்துவிடுங்கள்.

நீங்கள் வேலை பார்க்கும் கடிகாரக் கடையின் பின்பக்கக் கண்ணாடியில், சத்தம் வராமலிருக்க ஒட்டுநாடா ஒட்டி உடைத்தானே திருடன், அந்த நாடா எங்கள் தடயவியல் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. எந்தக் கடை, யார் வேலை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்; உறைமேல் எண் மட்டும் இருக்கும். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் முழுவதையும் பார், பிறகு நெருங்கு என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாய் வலிக்கப் பாடம் எடுப்பவன் நான். அப்படியே பார்த்தேன். பசையில் ஒரு முடி! லாட்டரி விழுந்த மாதிரி துள்ளினேன். உருப்பெருக்கத்தைக் கூட்டினால், வேர்ப்பக்கம் கொஞ்சம் வெள்ளை, அதற்கு மேல் செம்பழுப்புச் சாயம், நடுவே கோடு கிழித்தது போல ஓர் எல்லை. சாயம் பூசும் நடுவயதுக்காரர் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு கடை ஊழியர்களின் முடிகள் வந்தன. எங்களிடம் ஒப்பீட்டு நுண்ணோக்கி என்று ஒன்று உண்டு. இரண்டு நுண்ணோக்கிகளைச் சேர்த்துக் கட்டி, இந்தப் பக்கத்து முடியையும் அந்தப் பக்கத்து முடியையும் ஒரே வட்டத்துக்குள் அருகருகே காட்டும். நான்காம் எண் உறையில் இருந்ததை வைத்தேன். மச்சான், இரண்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருந்தன. முடியை மட்டும் பார்த்து ஆளைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதனால் அறிக்கையில் 'ஒத்திருக்கிறது' என்று மட்டும் எழுதினேன். ஆனால் இன்ஸ்பெக்டர் போனில், "சார், நம்பலாமா?" என்று கேட்டபோது இந்த நாக்கு சும்மா இருக்கவில்லை. ஆய்வகத்தில் என் முடிவைச் சரிபார்க்க வேண்டிய இரண்டாவது ஆய்வாளர் கையெழுத்துப் போடும் முன்பே, "கண்ண மூடிக்கிட்டு நம்புங்க" என்று சொல்லிவிட்டேன். நுண்ணோக்கி பார்த்துப் பிழைப்பவன் பேசுகிற பேச்சா இது? அந்த நான்காம் எண் நீங்கள். கடைப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க உங்களை ஜீப்பில் ஏற்றிப் போனதையும், மாலையில் திரும்பி வந்தபோது முதலாளி கடைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டதையும் உங்கள் தங்கை அழுதுகொண்டே சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். உறையில் எண்தான் இருந்தது, முகம் இல்லை. இது சமாதானம் ஆகாது என்று எனக்கே தெரிகிறது.

விஷயத்தைப் போட்டு உடைத்தது அந்த இரண்டாவது ஆய்வாளர், என் பக்கத்து மேசை மேடம். நாடா ஆய்வகத்துக்கு வந்தவுடன் எடுத்த புகைப்படங்களை விரித்து வைத்துக்கொண்டு, "சார், வந்தப்ப எடுத்த படத்துல முடியே இல்லையே, இது எங்கேருந்து வந்துச்சு?" என்றார். பிறகு என் தலையைப் பார்த்தார். தலையுறை அவசியம் என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டியவன் நான். சீவிய முடி கலைகிறதே என்று அன்றைக்கு நானே போடவில்லை. "கலர் போடுவீங்களா சார்?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரவர் நுண்ணோக்கியில் கண்ணைப் புதைத்துக்கொண்டார்கள். ஒருவர் அதன் விளக்கைக்கூடப் போட்டிருக்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

வீட்டில் வந்து சொன்னேன். உங்களுக்கும் எனக்கும் ஒரே கடையில் ஒரே சாயம் வாங்கித் தருகிறவள் உங்கள் தங்கைதானே. "புருஷன் முடி எது, அண்ணன் முடி எதுன்னு தெரியல, ஊர்ல இருக்கிறவங்க தலையெழுத்தப் படிக்கப் போயிட்டீங்க" என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது. அவள் போனை நீங்கள் எடுப்பதில்லையாம். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள் மச்சான், அவள் என்ன செய்தாள்? மணி அடித்தால் உங்கள் போனோ என்று ஓடி வருகிறாள்.

அது என் முடி, தவறு என்னுடையது என்று ஆய்வக இயக்குநரிடமும் இன்ஸ்பெக்டரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கே வந்து, முதலாளி முன்னாலும் எல்லோர் முன்னாலும் இதையே சொல்கிறேன். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். வாசலோடு திருப்பி அனுப்பினாலும் வருத்தப்பட மாட்டேன். பிள்ளைகளுக்கு என் அன்பு, வாங்கிக்கொள்வார்களென்றால்.

இப்படிக்கு,
உங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்படும்
தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மேடம் போன் செய்தார். என் தலையிலிருந்து பிடுங்கிக் கொடுத்த முடிகளை ஒப்பிட்டுப் பார்த்தாராம். "சார், இது உங்க முடி இல்ல. நாலாம் நம்பரோடதான் ஒத்துப்போகுது. நீங்க மொதல்ல பார்த்தது சரிதான்." வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. நாடா வந்தபோது அதில் முடி இல்லை. ஆகவே திருட்டுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்பதில் மாற்றமில்லை. அப்படியானால் உங்கள் முடி எங்கள் ஆய்வகத்துக்குள் எப்படி வந்தது? நான் பிரிவுத் தலைவரான செய்தியைச் சொல்ல, நாடாவைப் பார்த்ததற்கு முந்தின நாள் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். "எங்க வீட்டு மாப்பிள்ளடா!" என்று கட்டிப்பிடித்து, என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றீர்கள். மறுநாளும் அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கோட்டின் பொத்தானைக்கூட மாட்டாமல்தான் அந்த நாடாவின் மேல் குனிந்தேன். நீங்கள் என் தோளில் விட்டதைத்தான், மச்சான், நான் போலீசிடம் கொடுத்திருக்கிறேன்.