இஸ்துப்பாரு நைனாவும் மூன்று ஜெர்மன் பேனல்களும்

இறுக்கமாக இருப்பதாகச் சொல்லப்படும் எதையும் நம்பாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இஸ்துப்பாரு நைனா. இழுத்துப் பார்ப்பதைத் திருவள்ளூர்ப் பக்கம் இஸ்துப் பார்ப்பது என்பார்கள். கதவுக் கொண்டி, சட்டைப் பொத்தான், சைக்கிள் கேரியர், டீக்கடை பெஞ்சின் கால் என்று எதைக் கண்டாலும் ஓர் இழு. கையோடு வந்துவிட்டால் "லூஸு" என்பார். வராவிட்டால் "டைட்டு" என்பார். அவருக்கு ஒரு சொந்தப் பெயரும் இருந்தது. வருகைப் பதிவேட்டில் நானே பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மணவாள நகரைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் எங்கள் பட்டறை இருந்தது. ஆலை மோட்டார்களை ஓட்டவும் நிறுத்தவும் பயன்படும் கட்டுப்பாட்டுப் பேனல்கள் செய்தோம். பீரோ உயரத்துக்கு இரும்புப் பெட்டி, உள்ளே சுவிட்சுகள், அவற்றை இணைக்க நூற்றுக்கணக்கில் வயர். நைனா தலைமை வயர்மேன், நான் டைப்பிஸ்ட். எங்கள் குடும்பம் தலைமுறையாகப் பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருந்ததால் பட்டறையில் எல்லாருக்கும் நான் 'சாமி'.

ஒருமுறை கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலைக்குப் பேனல் பொருத்தப் போனோம். பஸ்ஸில் நிற்கத்தான் இடம். தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளும் கம்பியை நைனா இழுத்தார். அது முழுசாக அவர் கையில் வந்துவிட்டது.

"யோவ், இன்னாயா பண்ணிக்கினு கீற?" என்று கண்டக்டர் கத்தினார்.

"இஸ்துப் பார்த்தேன் கண்டக்டரே. லூஸு. இத்த டிப்போல குடுத்துடு" என்று கம்பியை அவரிடம் நீட்டினார்.

அடுத்த பிரேக்கில் அந்தக் கம்பியை நம்பியிருந்த அத்தனை பேரும் டிரைவர் பக்கம் போய்ச் சேர்ந்தோம். நைனா மட்டும் சீட்டு ஓரத்தைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். அதை அவர் ஏறும்போதே இழுத்துப் பார்த்திருந்தார்.

இந்த லட்சணத்தில் ஓடிக்கொண்டிருந்த பட்டறைக்கு ஒரு ஜெர்மன் கம்பெனி மூன்று பேனல்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து, நிலத்தை விற்றுப் பட்டறை போட்ட எங்கள் முதலாளிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பேனல்கள் நன்றாக அமைந்தால் மேலும் ஆர்டர் வரும். திரும்பி வந்தால் கொட்டகையை மூட வேண்டியதுதான். ஆர்டரோடு ஆங்கிலத்தில் தலையணை கனத்தில் ஒரு விதிப் புத்தகமும் வந்தது. வயரிங் அதன்படியே இருக்க வேண்டும், ஆள் வந்து சோதிப்பார்.

"சாமி, நீ படிச்சுத் தமிழ்ல போர்டுல எழுது. ஒரு வரி உடக் கூடாது. உட்டே, உன் சீட்டு கிழிஞ்சுது" என்றார் முதலாளி.

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோயில் பிரசாதத்தை நம்பி யாரும் பெண் கொடுப்பதில்லை. 'மாப்பிள்ளைக்குக் கம்பெனி உத்தியோகம்' என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பெண்ணின் அப்பா தலையை ஆட்டியிருந்தார். ஆகவே பெருமாளுக்கு அடுத்தபடி அந்தப் புத்தகத்தைத்தான் பக்தியோடு படித்தேன்.

தினமும் காலையில் நான் கரும்பலகையில் எழுதுவேன். நைனா கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்.

"எர்த்து வயர் பச்சையில் மஞ்சள் கோடு. நியூட்ரல் நீலம்."

"நீலம் நியூட்ரலா? நம்ம ஊர்ல நீலத்தத் தொட்டா ஆளு காலி சாமி. அவுங்க ஊர்ல அது சும்மாவா கீது?"

"சும்மாதான் இருக்குமாம்."

"பேஜாரு புடிச்ச ஊரு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு முழுக்க நீல வயரைத் தள்ளி நின்றே பார்த்தார்.

மூன்று பேனல்களும் தயாராயின. வயர் முனைகளில் மெல்லிய செம்பு இழைகள் பிரியாமல் இருக்க, அவற்றை முறுக்கி ஈயம் காய்ச்சி ஏற்றி, திருகுக்கு அடியில் வைத்து இறுக்குவதுதான் எங்கள் வழக்கம். ஈயம் வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னும். ஈயம் வைக்காத பேனலைச் சோம்பேறி செய்த வேலை என்பார்கள். நைனாவும் ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்து "டைட்டு, டைட்டு" என்று முடித்தார். ஜெர்மன்காரர் வர மூன்று வாரம் இருந்தது. அதுவரை தினமும் மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்க்க ஏற்பாடு.

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். நைனா மறுநாள் காலையும் வந்து எல்லா வயரையும் இழுத்தார். அதற்கு மறுநாளும் இழுத்தார். இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, "மொதலாளி, நேத்து டைட்டு, இன்னிக்கி லூஸு" என்று நாலு வயர்களைக் காட்டினார்.

"யோவ், தெனம் இந்த இஸு இஸ்தா தேர்ச்சங்கிலியே அறுந்துடும்! இனிமே பேனல் மேல கை வச்ச, கைய ஒட்ச்சுடுவேன்" என்று முதலாளி குதித்தார். திருகுகளை மறுபடி முடுக்கச் சொல்லிவிட்டு, நைனா பேனல் பக்கம் வரக்கூடாது என்று என்னை ஒரு அறிவிப்பு டைப் அடிக்கச் சொன்னார். நானே சுவரில் ஒட்டினேன். நைனா வந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓரத்தைப் பிடித்து இழுத்தார். காகிதம் கையோடு வந்துவிட்டது.

"லூஸு சாமி" என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

சோதனைக்கு நாலு நாள் இருந்தபோது, முதலாளி வெளியே போன நேரம் பார்த்து நைனா என் மேசைக்கு வந்தார். உள்ளங்கையைத் திறந்தார். ஈயம் நசுங்கிய ஒரு வயர் முனை.

"நான் ஒரு வாரமா தொடல. இன்னிக்கி ஒரே ஒரு வாட்டி இஸ்தேன், வந்துட்ச்சு. திருகுக்கு அடியில ஈயம் வெண்ண மாரி நசுங்கிக்கினு போவுது. உன் பொஸ்தகத்துல ஈயத்தப் பத்தி இன்னா போட்டுக்குது சாமி?"

"ஒண்ணும் போடலையே" என்று சொல்லிக்கொண்டே வயர் முனைகளைப் பற்றிய அத்தியாயத்தைப் புரட்டினேன். ஒரு தாள் மட்டும் கொஞ்சம் தடியாக இருந்தது. நகத்தால் நெம்பினேன். 'பர்ர்' என்று பிரிந்து இரண்டு தாளானது. நடுவில் ஒரு பருக்கை.

அமாவாசையன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த அக்காரவடிசல். மேசையில் வைத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, விரலைக்கூடத் துடைக்காமல் பக்கம் புரட்டியிருக்கிறேன். நெய்யும் வெல்லமும் ஒட்டிய அந்தப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: திருகின் கீழ் இறுக்கும் முனைகளில் ஈயம் ஏற்றக் கூடாது, ஈயம் அழுத்தத்தில் விலகிப் பிடி தளரும், முனைக்குச் செம்புக் குழல் மாட்டி நசுக்க வேண்டும்.

வேலை போயிற்று, கல்யாணமும் போயிற்று. "நைனா, என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்" என்றேன்.

அவர் அந்தப் பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பெருமாளு பிரசாதத்தக் குத்தம் சொல்லாத. இந்த எடத்துல அது ஒண்ணுதான் டைட்டா நின்னுக்கீது."

முதலாளி வந்ததும் நைனா நேரே போய் நின்றார். "மொதலாளி, ஈயம் வைக்கக் கூடாதாம். சாமி அன்னிக்கே படிச்சு சொல்லிச்சு. நான்தான் காதுல வாங்கல."

நான் வாயைத் திறந்தேன். நைனா என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். வாய் மூடிக்கொண்டது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"ஆர்டர் திரும்பிச்சுன்னா மொத ஆளா நீ வெளிய போற நைனா" என்றார் முதலாளி.

"சரி மொதலாளி" என்றார் நைனா. பாரிமுனைக்குப் போய்ச் செம்புக் குழல்களும் அவற்றை நசுக்கும் கருவியும் வாங்கி வந்தார். மூன்று நாளில் ஈயம் ஏற்றிய முனைகளையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுக் குழல் மாட்டினார்கள். இழுத்துப் பார்க்கக் கூடாதென்ற தடையை முதலாளி வாயைத் திறக்காமலேயே விலக்கிக்கொண்டார்.

ஜெர்மன்காரர் வந்தார். பனைமரம் போல் உயரம். காப்பி வேண்டாம் என்றார், மாலை வேண்டாம் என்றார். நேராகப் பேனலைத் திறந்து, ஒரு வயரை இழுத்தார். பிறகு அடுத்ததை. பிறகு அதற்கடுத்ததை. ஒன்றையும் விடவில்லை. நைனா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடல் தாண்டி ஒரு பங்காளியைக் கண்டுவிட்ட முகம் அது.

மூன்று பேனல்கள் முடிய மதியமாயிற்று. ஒரு வயரும் வரவில்லை. "யார் செய்தது?" என்று அவர் கேட்க, முதலாளி நைனாவைக் காட்டினார். ஜெர்மன்காரர் கையை நீட்டினார். நைனா அதைப் பிடித்துக் குலுக்கவில்லை. ஓர் இழு இழுத்தார். அவர் பதிலுக்கு ஓர் இழு இழுத்தார்.

"டைட்டு" என்றார் நைனா. ஜெர்மன்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆவணியில் என் கல்யாணம். பெண்ணின் புடவைத் தலைப்பையும் என் அங்கவஸ்திரத்தையும் முடிச்சுப் போட்டு, அக்கினியைச் சுற்றி வந்து உட்கார்ந்த சமயம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நைனா வந்தார், வெள்ளைச் சட்டையில். ஆசீர்வாதம் பண்ணத்தான் வருகிறார் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். அவர் குனிந்து, அந்த முடிச்சைப் பிடித்து இழுத்தார். நாங்கள் இருவரும் ஒரு சாண் பின்னால் போய் வந்தோம். மாமனார் எழுந்தே விட்டார்.

நைனா என் காதோரம் வந்து, "இதுலயாவது ஈயம் வைக்காம வுட்டாங்களா சாமி?" என்றார்.

"யார் அவர்?" என்று அன்று சாயங்காலம் என் மனைவி கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், பருக்கை உட்பட. முதலாளிக்குக் கடைசிவரை சொல்லாததை அவளுக்குத்தான் முதலில் சொன்னேன்.

பட்டறையும் இல்லை, நைனாவும் இல்லை. முடிச்சு மட்டும் இத்தனை வருஷமாக அப்படியே இருக்கிறது. எங்களுக்குள் சண்டை வரும் நாட்களில், அவர் ஒரு தடவை வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனால் தேவலை என்று இருக்கும்.