பூட்டுக்கு வைத்த பொட்டு

எனக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்த ஒரே கையெழுத்து சந்தனப் பொட்டுத்தான். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், அம்மியோ ஃபேனோ, பெருவிரலால் ஒரு பொட்டு வைக்காவிட்டால் என் கை துடிக்கும். (நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சிரிக்காமல் எழுது புள்ள!) அந்தக் கைதான் என் கடைசி மகன் சுதனின் கலியாணத்தை நிறுத்தப் பார்த்தது.

நாங்கள் மாங்கேணி. கலியாணம் குருக்கள்மடத்தில், பெண் வீட்டாரின் கோயிலில். மருமகன் யோகனிடம் மீன் பெட்டி ஏற்றும் கெப் வண்டி ஒன்று உண்டு. அதன் பின்பெட்டிக்கு மேலே பலகை போல ஒரு மூடி, இடமும் வலமும் இரண்டு பூட்டு. கடல் உப்பில் அவை துருப்பிடித்து இறுகிப்போக, கலியாணத்துக்கு முதல் நாள் காத்தான்குடியில் புதுப் பூட்டு இரண்டு போட்டுக்கொண்டு வந்தார். அடடா, என்ன மினுக்கம்! மாப்பிள்ளை மோதிரம் தோற்றுவிடும்.

மறுநாள் காலையில் கூறைச் சேலையும் தாலியும் வைத்த பெட்டி என் மடியில்தான் இருந்தது. நான் சும்மா இருந்தேனா? யோகனைக் கூப்பிட்டேன்.

“மகன், மடிய விடப் பூட்டுத்தான் பத்திரம். உள்ளுக்கு வெச்சிப் பூட்டுங்க.”

“உங்கட மடியிலயே இருக்கட்டுமே மாமி.”

“அப்ப புதுப் பூட்டு என்னத்துக்கு, பாக்கவா?”

பூட்டினார். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம் என் கையில் தயாராக இருந்தது. வண்டி உருளும் நாலு சில்லுக்கும் ஒவ்வொரு பொட்டு. பூட்டுக்கு நெற்றி எது? நடுவில் ஒரு குழி தெரிந்தது, பொட்டுக்கென்றே செய்துவைத்தது போல! தடிப்பாக, அழுத்தி, இரண்டிலும் வைத்தேன்.

வெயிலில் இரண்டு மணித்தியால ஓட்டம். கோயிலடியில் இறங்கி யோகன் பூட்டுக்குள் திறப்பைப் போட்டார். பாதி நுழைந்து நின்றுவிட்டது. மற்றப் பக்கம் நுனிகூடப் போகவில்லை.

முகூர்த்தத்துக்கு முக்கால் மணித்தியாலம்தான் இருந்தது. மணவறையிலிருந்து சுதன் எட்டி எட்டிப் பார்க்கிறான். சம்பந்தி அம்மா ஓடி வந்தா.

“என்னகா, கூறை எங்க?”

“உள்ளுக்குத்தான்கா கிடக்கு. நல்ல பத்திரமாக் கிடக்கு.”

யோகன் போன் எடுக்க, காத்தான்குடிப் பூட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார். குனிந்தார், ஊசியால் கிண்டினார், ஊசியை மணந்து பார்த்தார்.

“நேத்து நான் பூட்டுத்தானே போட்டன்? இதுக்குள்ள சந்தனம் கல்லாக் கிடக்கு! ஆரு வெச்ச?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பெருவிரலைப் பார்த்தேன். இன்னும் மஞ்சளாகவே இருந்தது. சேலைக்குள் ஒளித்தேன்.

“ஊற வெச்சி எடுக்க நேரம் இல்ல. துளைக்கத்தான் வேணும்” என்று, கோயிலிலிருந்து வயர் இழுத்து ட்ரில் மெஷினைப் பிடித்தார். அது போட்ட கூச்சலில் மேளக்காரர் வாசிப்பை விட்டுவிட்டு எழும்பி வந்தார். பின்னால் ஐயரும் வந்தார். மணவறையில் மாப்பிள்ளை மட்டும் தனியே. சனம் முழுக்கக் கெப்பைச் சுற்றி! (உண்மையைச் சொன்னால், எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.) மூடி திறந்ததும் எழும்பிய ஆரவாரம், தாலி கட்டும்போதுகூட எழும்பவில்லை. நல்லகாலம், முகூர்த்தம் தப்பவில்லை.

பந்தி முடிந்ததும் பூட்டுக்காரர் வேறு பூட்டு, வேறு திறப்புப் போட்டார். துவாரம் இரண்டுக்கும் டேப் ஒட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“அம்மா, இப்ப பொட்ட வைங்க. மறுகா நான் டேப்ப எடுக்கன்.”

வைத்தேனே!

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் வாகனம் வாங்கினால் டேப்பும் சேர்த்து வாங்குவார்கள். போன மாதம் சுதன் ஸ்கூட்டி ஒன்று கொண்டுவந்தான், டேப்பை மறந்துவிட்டான். நான் சந்தனக் கிண்ணத்தோடு வருவதைக் கண்டதும் அவன் பெண்சாதி கோமதி ஓடிப்போய்த் திறப்புத் துவாரத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“எங்க வேணுமெண்டாலும் வைங்க மாமி, இஞ்ச மட்டும் வேணாம்!”

அவள் கையை எடுக்கிறதாக இல்லை. நான் அந்தப் புறங்கையிலேயே வைத்துவிட்டேன், தடிப்பாக, அழுத்தி.