கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசியவன்

நாடகம் எழுதுகிற எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. தான் எழுதிய வசனத்தைக் கேட்க ஊரே காத்துக் கிடக்கிறது என்று நினைப்பார்கள். ஊருக்கு வேறு வேலை இருக்கும். எனக்கு இந்த வியாதி ஒரே மாலையில் குணமானது. வைத்தியம் பார்த்தவர்கள் சங்கு குளிக்கிறவர்கள்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ‘உப்புக்காற்று நாடகக் குழு’ என்று ஒன்று நடத்தினோம். ஏழு பேர். தலைவர் ஞானராஜ் சார், நாசரேத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். மற்ற குழுக்கள் ராஜா வேஷம் கட்டி ஒரே நாடகத்தை வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தன. எங்களிடம் புது நாடகம் மட்டும்தான், அதுவும் உள்ளூர்க் கதை. ஒருவன் எழுதுவான், மற்றவர்கள் நடிப்பார்கள். நாடகம் விழுந்தால் எழுதியவன் பேனாவை வைத்துவிட்டு, அடுத்தவன் நாடகம் விழும்வரை படுதா இழுக்கப் போய்விட வேண்டும். சட்டம் அப்படி. ஏற்கெனவே ஒருவன் போயிருந்தான்.

எனக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலுக்குப் போகிற மூட்டைகளைக் கொக்கியில் மாட்ட வேண்டும். நாள் முழுக்க யாராவது ஏசுவான். திருப்பி ஏச முடியாது. அந்த ஆத்திரத்தையெல்லாம் கொட்டி எழுதியதுதான் என் முதல் நாடகம். முத்துக்குளிப்பைப் பற்றியது.

முத்துக்குளிப்பில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவன் இடுப்பில் கயிறு கட்டிக் கடலுக்குள் இறங்குவான். மேலே வள்ளத்தில் அந்தக் கயிற்றைப் பிடித்து நிற்பவன் அவன் மச்சினன், அதாவது பெண்டாட்டியின் தம்பி. அக்காள் தாலி அறுக்கக் கூடாது என்பதற்காகவாவது கண்ணும் கருத்துமாக இருப்பான் என்று நம்பிக்கை. (என் மச்சினனை நம்பி நான் குடையைக்கூடக் கொடுக்க மாட்டேன். அது வேறு கதை.) என் அக்காள் செலினுடைய புருஷன் மிக்கேல் அத்தானே சங்கு குளிக்கிறவர்தான்; முத்தோ சங்கோ, கயிறு ஒன்றுதான். இதெல்லாம் தெரிந்து வளர்ந்தவன் நான். பிறகு எதற்கு அப்படி எழுதினேன்? இன்றுவரை விளங்கவில்லை.

எழுதியது இதுதான். குளிக்கிறவன் கடலில் குதிக்கிறான். வள்ளத்தில் மச்சினன் கயிற்றோடு நிற்கிறான். பக்கத்தில் முத்து வியாபாரி. மச்சினன் வியாபாரியை ஏசுகிறான். நான்கு பக்கத்துக்கு ஏசுகிறான்.

ஒத்திகையில் ஞானராஜ் சார், “நீளம் கூடுதலா இருக்கேப்பா” என்றார்.

“ஒரு வரி வெட்டுனாலும் நான் போயிருவேன் சார்” என்றேன். மச்சினன் வேஷத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். என்னைப்போல் ஏச அங்கே ஆள் கிடையாது.

மாதா கோயில் மைதானத்தில் எண்ணெய் டிரம்களை நிறுத்தி, மேலே பலகை பரப்பி மேடை போட்டோம். நடுவில் ஒரு பலகையை எடுத்துவிட்டால் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி நீலச் சேலை, அதுதான் கடல். குளிக்கிறவனாக நடித்த அந்தோணி ஒரு மிட்டாய்க் கடையில் வேலை பார்த்தான். அவன் ஓட்டைக்குள் குதித்து, நான் பேசி முடிக்கும்வரை மேடைக்கு அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கயிற்றை அசைத்தால் ஏறி வர வேண்டும்.

எங்கள் நாடகத்துக்கு வழக்கமாக வாத்தியார்களும் குமாஸ்தாக்களும்தான் வருவார்கள். அன்றைக்கு, தங்கள் கதை என்று கேள்விப்பட்டுக் குளிக்கிறவர்கள் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். அக்காள் ஒரு தெருவையே கூட்டி வந்து முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அந்தோணி குதித்தான். கூட்டம் மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. அடடா, ரசிக்கிறார்களே என்று நினைத்தேன். அவர்கள் ரசிக்கவில்லை. அந்தோணியோடு சேர்ந்து மூச்சடக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பக்கம் முடிந்தது. மைதானத்தில் ஈ பறந்தால் கேட்கும். இரண்டாம் பக்கத்தில் முன்வரிசைக்காரர் ஒருவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. என் வசனத்தில் உருகுகிறார் என்று சந்தோஷப்பட்டேன். டயரில் காற்றுப் போகிற மாதிரி அவர் மூச்சை விட்டார். அப்புறம் பக்கத்தில் இருந்தவர். பிறகு வரிசையாக எல்லோரும்.

“ஏலே, அவன் இன்னும் கீழதாம்லே கெடக்கான்!”

“இந்த மூதி என்ன பேசிக்கிட்டே நிக்கான்?”

“கயித்தப் பாருலே மடையா!”

நான் குரலை உயர்த்தினேன். மூன்றாம் பக்கத்தில்தான் என் உயிரான வரி இருந்தது. “முத்து உனக்கு, மூச்சு எங்களுக்கா?” அதை ஒரு கையால் சொல்ல முடியாது. இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினேன். கயிறு கீழே விழுந்தது.

அக்காள் எழுந்துவிட்டாள். “எலே பாவி, கயித்த விட்டுட்டியே! அவன் பொண்டாட்டி ஒனக்கு அக்காலே!”

அவ்வளவுதான். மிக்கேல் அத்தான் ஒரே தாவில் மேடை ஏறி, என்னைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். பின்னாலேயே நாலைந்து பேர். வியாபாரி வேஷக்காரனை இரண்டு பேர் துரத்த, அவன் மைதானத்தைத் தாண்டி ஓடினான். (மறுநாள்தான் திரும்பி வந்தான்.)

மேடைக்கு அடியில் அந்தோணிக்கு இது எதுவும் தெரியாது. கடையிலிருந்து கொண்டுவந்த முந்திரி மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தான். இழுத்த இழுப்பில், தலையில் நீலச் சேலையும் வாய் நிறைய மக்ரூனுமாக மேலே வந்து விழுந்தான். விக்கலில் கண் பிதுங்கியிருந்தது. குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். தண்ணீருக்குப் பதில் மக்ரூன் தூள் வந்தது.

“விடுங்கலே, மக்ரூன்தாம்லே!” என்று அவன் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

“உசுரு இருக்கு!” என்று ஒருவர் கூவினார். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அப்படி ஒரு கைதட்டலை எங்கள் குழு அதற்கு முன்னால் கேட்டதில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அத்தானிடம் கேட்டேன். “அவன் பலகைக்கு அடியில இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியாதா அத்தான்?”

“தெரியும்லே.”

“பெறகு எதுக்கு இழுத்தீய?”

“தெரிஞ்சா மட்டும்? கயிறு சும்மா கெடக்கு, பிடிக்க ஆளில்ல. அதப் பாத்துக்கிட்டு எப்பிடிலே இருக்கது?”

எத்தனையோ நாடகம் பார்த்துவிட்டேன். அந்தப் பதிலுக்குள் என்ன இருக்கிறது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் ஞானராஜ் சார் தீர்ப்புச் சொன்னார். “இத்தன வருசமா நாடகம் போடுதோம். ஒருத்தனாவது எடத்த விட்டு எந்திச்சிருக்கானா? நேத்து ஊரே மேடைக்கு வந்துட்டு. நாடகம் விழலப்பா.” எனக்கு நெஞ்சு விரிந்தது. “எழுதினவன்தான் விழுந்துட்டான். படுதாவுக்குப் போ.”

போனேன். படுதாவையும் கயிற்றால்தான் இழுக்க வேண்டும் என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது.

குழுவில் புதுச் சட்டமும் வந்தது. யார் எழுதினாலும் முதலில் செலினிடம் வாசித்துக் காட்ட வேண்டும். அவள் எந்த இடத்தில் எழுந்து நிற்கிறாளோ அந்த இடத்தில் வெட்ட வேண்டும். அதற்கப்புறம் குழு இருந்தவரை எந்த நாடகமும் விழவில்லை. அதனால் எனக்குப் படுதாவிலிருந்து விடுதலையும் கிடைக்கவில்லை.

அக்காள் மகனுக்கு நான்தான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று பிள்ளையை என் கையில் கொடுக்கும்போதே, “சாமி, இவன் வாயத் தொறந்தா பிள்ளைய வாங்கிக்கிடுங்க” என்று சாமியாரிடம் சொன்னாள். கோயிலே சிரித்தது. அந்தப் பிள்ளைக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். காப்பித் தம்ளரும் கையுமாக நான் பேச ஆரம்பித்தால் அதுகளும் ஓடி வந்து, “தாத்தா, தம்ளர வச்சிட்டுப் பேசுங்க” என்கின்றன.

ஆத்திரமாக வருகிறது. நன்றாக நாலு வார்த்தை ஏசலாம். ஏசினால் இரண்டு கையும் தானாக மேலே போய்விடுகிறது. அதனால் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏசுகிறேன்.