மூன்று தலைக் கேபிள்

மூன்று தலையில் ஒன்று உயிர் பெற்றால் இன்னொன்று செத்துப்போனது. மூன்றாவது தலைக்கு எதுவுமே உறைக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் உதவி மேலாளரின் போன், மனைவியின் போன், மகளின் டேப்லெட் மூன்றும் ஒரே கேபிளின் மூன்று நுனிகளில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தன. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு நுனியாகக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"என்னங்க, என் போன்ல மாட்டும்போது இருந்ததைவிடக் குறைஞ்சிருக்கு. இது சார்ஜ் ஏத்துதா, உறிஞ்சுதா?" என்றாள் மனைவி.

"சோதனை நடக்கும்போது குறுக்கே பேசாதே."

"சோதனைதான். எனக்கு."

அலுவலகத்தில் அவருக்கு 'விசாரணைக் கமிஷன்' என்று பெயர். அவசரத்துக்கு வெறும் 'கமிஷன்'. ஒரு பேனா வாங்குவதானாலும் நாலு கடை ஏறி இறங்கி, முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் எழுதிவைத்த கருத்துகளையெல்லாம் கரைத்துக் குடித்து, கடைசியில் இருப்பதிலேயே மட்டமானதைத் தேடிப் பிடித்து வாங்கி வருவார். இந்தக் கேபிளுக்கும் அப்படித்தான். வீட்டுக்கும் ஆக வேண்டும், காருக்கும் ஆக வேண்டும், மூன்று சாதனமும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும் என்று ஆராய்ந்து ஆராய்ந்து அவர் பொறுக்கி எடுத்த மாணிக்கம் அது.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒரு நாற்காலி. அவர் வேலை பார்த்த தண்ணீர்ப் பம்பு கம்பெனியின் கிளை மேலாளர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. கமிஷன் அதைத் தினமும் துடைக்கச் சொல்வார். ஆள் இல்லாத சமயம் பார்த்து உட்கார்ந்தும் பார்ப்பார். தலைமை அலுவலகத்தில் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த எம்.டி.யைக் கிளையில் யாரும் நேரில் பார்த்ததில்லை. அவர் நாளைக் காலை ரயிலில் வருகிறார். அந்த நாற்காலிக்கு ஆளை முடிவுசெய்துவிட்டுத்தான் திரும்புவார் என்று பேச்சு.

ரயில் நிலையத்திலிருந்து அலுவலகம் வரை எம்.டி.யோடு தனியாக ஒரு கார்ப் பயணம் வாய்த்தால் போதும், நாற்காலி தானாக வந்து தன் அடியில் உட்கார்ந்துகொள்ளும் என்பது கமிஷனின் கணக்கு. கம்பெனி டிரைவரை அன்று மதியமே கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ லீவு எடுத்துக்கோ."

"எதுக்கு சார்?"

"உனக்கு உடம்பு சரியில்ல."

"நல்லாத்தானே சார் இருக்கேன்."

"நாளைக்கு இருக்க மாட்டே. போ."

டிரைவர் கார் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே கமிஷனின் நிம்மதியும் போயிற்று. காரணம், தலைமை அலுவலகச் செயலாளர் போனில் சொன்ன ஒரு வார்த்தை. எம்.டி. எப்போதும் ஒரு போன், ஒரு டேப்லெட், ஒரு இயர்போன் டப்பா மூன்றோடும்தான் பயணம் செய்வாராம். அவற்றில் ஒன்றில் சார்ஜ் இறங்கினாலும் அவருக்குக் கோபம் ஏறுமாம்.

"கார்ல ஏற்கெனவே ஒரு சார்ஜர் இருக்கே," என்றாள் மனைவி.

"அது ஒத்தைத் தலை."

"ஒண்ணு ஏறின பிறகு இன்னொண்ணைப் போட்டுக்கட்டும்."

"எம்.டி.யை வரிசையில நிக்கச் சொல்றியா?"

இப்படிப் பேசுகிற மனிதரிடம் மேற்கொண்டு பேச அவளுக்கு வேறு வேலை இல்லையா என்ன. அவள் தன் போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், பழைய சார்ஜரில் மாட்டினாள். அது சத்தம் போடாமல் ஏற ஆரம்பித்தது.

கமிஷன் கேபிளை மடித்து எடுத்துக்கொண்டு முச்சந்தியில் இருக்கும் போன் கடைக்குப் போனார். கடைக்காரர் வாழ்நாளில் எந்தப் பொருளையும் பற்றி 'இல்லை' என்று சொல்லிப் பழகாதவர்.

"மூணு தலைக்கும் கரண்ட் சமமாப் பிரியுமா?"

"பிரியும் சார்."

"பிரிஞ்சா ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சிடுமே?"

"குறையாது சார்."

"கார்ல வேலை செய்யுமா?"

"காருக்குன்னே செஞ்சது சார். பெரிய அடாப்டர் ஒண்ணு போட்டீங்கன்னா பறக்கும்."

இவ்வளவு நேர்மையான பதிலை இதுவரை எந்தக் கடையிலும் கேட்டதில்லை என்று கமிஷனுக்குப் பூரிப்பு. அடாப்டரையும் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் நின்ற கம்பெனி காருக்குள் நுழைந்தார்.

அடாப்டர் காரின் சார்ஜர் துளையில் உட்காரவில்லை. தொட்டால் விழுந்தது, தொடாவிட்டாலும் விழுந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பர்ஸில் நாளைக்கென்று எடுத்துவைத்திருந்த விசிட்டிங் கார்டுகள் கைக்கு வந்தன. ஒவ்வொன்றாக மடித்துப் பக்கத்தில் செருகினார். எல்லாம் தீர்ந்தபோது அடாப்டர் அசையாமல் நின்றது. அதன்பின் அதை வெளியே எடுக்கவும் முடியவில்லை.

அடுத்து, கேபிள் பின் இருக்கைக்கு எட்டவில்லை.

"முன்னாடியே உட்கார வையுங்களேன்," என்று வாசலில் நின்றே சொன்னாள் மனைவி.

"பெரிய மனுஷங்க பின்னாடிதான் உட்காருவாங்க. உனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியாம இருக்கிறதும் நல்லதுதான்."

டிரைவருக்குப் பக்கத்து முன் இருக்கையை முட்டுகிற வரைக்கும் முன்னே தள்ளி, அதன் பக்கவாட்டில் கேபிளை ஓட்டி, பிசின் நாடாவால் ஒட்டினார். மூன்று தலைகளும் பின் இருக்கைக்கு முன்னால் தொங்கின. முன் இருக்கையில் இனி ஒரு பூனை கூட உட்கார முடியாது. இருந்தாலும் ஒயரும் நாடாவுமாகப் பார்க்க அசிங்கமாக இருந்தது. காலையில் கிளம்பும்போது, போட்டுக்கொண்டிருந்த புதுக் கோட்டைக் கழற்றி, கம்பெனி அடையாள அட்டையோடு அப்படியே அதன்மேல் விரித்து மறைத்தார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது.

ரயில் நிலைய வாசலில் வண்டியை நிறுத்தியபோது அடாப்டரின் விளக்கு அணைந்துவிட்டது.

கமிஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். பக்கத்துக் கதவைத் திறந்து, தரையில் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டார். வேர்த்து வழிந்தது. முழங்காலில் அழுக்கு அப்பியது. துளையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதும் விளக்கு வந்தது. அதே நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரலும் வந்தது.

"பம்பு கம்பெனி வண்டிதானே?"

அவர் எழுந்த வேகத்தில் தலை கூரையில் இடித்தது. எதிரே, படத்தில் மட்டும் பார்த்திருந்த எம்.டி. நின்றுகொண்டிருந்தார். ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்த வரவேற்புரை, இடித்த தலையோடு சேர்ந்து கலங்கிப்போனது.

"ஆமா சார். சார், நான் வந்து..."

"போகலாம், ஏற்கெனவே லேட்." பையை அவர் கையில் கொடுத்துவிட்டு எம்.டி. பின்னால் ஏறி உட்கார்ந்தார். "ஆபீஸ்ல இருந்து வேற யாரும் வரலையா?"

"எதுக்கு சார்? நான் ஒருத்தனே போதும்."

எம்.டி. ஒன்றும் சொல்லவில்லை. கமிஷன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். கையில் கிடைப்பதையெல்லாம் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு நெடுநாளாக உண்டு.

"சார், உங்களுக்காகவே மூணு தலை வெச்சிருக்கேன். போன், டேப்லெட், இயர்போன், மூணும் ஒரே நேரத்துல."

"அட, பரவாயில்லையே." எம்.டி. மூன்றையும் மாட்டினார். வண்டி கிளம்பியது. முதல் சிக்னலிலேயே, "இது ஏறலையே," என்றார்.

"அந்தத் தலையைக் கொஞ்சம் இடது பக்கமா அழுத்திப் பிடிங்க சார்."

"பிடிச்சிட்டேன். இப்ப டேப்லெட் நின்னுபோச்சு."

"அதை வலது பக்கமா அழுத்துங்க சார்."

"எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

கமிஷன் விளக்க ஆரம்பித்தார். மின்சாரம் எப்படிப் பிரிகிறது, தடித்த ஒயருக்கும் மெல்லிய ஒயருக்கும் என்ன வித்தியாசம், இணையத்தில் யார் என்ன எழுதியிருந்தார்கள் என்று ஆதியோடந்தமாக எடுத்துவிட்டார். பாதிக் கவனம் கண்ணாடியில் தெரிந்த எம்.டி.யின் முகத்தில் இருந்தது.

"ரோட்டைப் பாருங்க," என்றார் எம்.டி.

பிறகு அவராகவே கேட்டார். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

வந்துவிட்டது வாய்ப்பு. கமிஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பன்னிரண்டு வருஷம் சார். ஒரு கெட்ட பேர் கிடையாது."

"கிளை எப்படி நடக்குது?"

"வெளியில சொல்லக் கூடாது சார், எல்லாமே என் கையிலதான் ஓடுது. நான் இல்லைன்னா ஒருத்தரும் ஒரு இடத்துக்கும் போய்ச் சேர மாட்டாங்க."

எம்.டி. வாய்விட்டுச் சிரித்தார். "அது உண்மைதான். எல்லாக் கிளையிலயும் அப்படித்தான்."

கமிஷனின் மனக்கோட்டைக்கு அப்போதே மேல்தளம் போட்டாகிவிட்டது. கதவில் மாட்டும் பெயர்ப் பலகைக்கு எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற யோசனையில் அவர் இறங்கியிருந்தபோது, பின்னால் மணி அடித்தது. எம்.டி. போனை எடுத்து, "சொல்லுங்க, அந்த ஆர்டர்..." என்று ஆரம்பித்தார். அதோடு போன் அணைந்தது. டேப்லெட் அதற்கு முன்பே கண்ணை மூடியிருந்தது. கேபிள் மட்டும் நன்றாகச் சூடேறியிருந்தது.

"சார், என் போனைத் தர்றேன், பேசுங்க." எடுத்துப் பார்த்தார். நேற்று மாலை முழுக்கச் சோதனையில் கிடந்த அந்தப் போனும் கறுப்பாகக் கிடந்தது.

"விடுங்க. கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாம இருந்தா நல்லதுதான்." எம்.டி. சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கோபப்படவே இல்லை. கமிஷனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இப்படிப்பட்ட மகானின் கீழ் மேலாளராக இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம்.

அலுவலக வாசலில் இறங்கிய எம்.டி., ஜன்னல் பக்கம் குனிந்து அவர் தோளைத் தட்டினார். "வண்டி நல்லா ஓட்டுறீங்க. முதல்ல போய்ச் சாப்பிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம்."

தோளைத் தட்டியாகிவிட்டது. சாப்பாடு வரை விசாரித்தாகிவிட்டது. இனி என்ன பாக்கி? கமிஷன் வண்டியை நிழலில் நிறுத்தி, கோட்டை உதறினார். அதில் நாடாவும் பாதிக் கேபிளும் ஒட்டிக்கொண்டு வந்தன. பிய்த்து எறிய முடியாமல் போராடி, கோட்டின் உட்பையோடு சேர்த்துக் கிழித்தார். முகம் கழுவினார், தலை வாரினார், சாப்பிடவும் போனார். எம்.டி. சொன்னதை மீறலாமா?

திரும்பி வந்து மாடிப்படி ஏறியபோது கூட்ட அறைக் கதவு மூடியிருந்தது. கண்ணாடி வழியே காலி நாற்காலிகள் தெரிந்தன. எம்.டி.யைக் காணோம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவளுடைய மரியாதை இன்றைக்குக் கொஞ்சம் கூடியிருப்பதாக அவருக்குப் பட்டது.

"என்னம்மா, கூட்டம் முடிஞ்சிருச்சா? எம்.டி. என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

"வரவேற்கக்கூட நீங்க ஸ்டேஷன் பக்கம் வரலைன்னு கொதிச்சுப்போய்ட்டார் சார், அந்த நாற்காலிக்கு வெளியில இருந்து ஆள் போடுறாராம், ஆனா கூட்டிட்டு வந்த டிரைவரை மட்டும் ரொம்பப் பிடிச்சுப்போச்சாம், சாயங்காலமே தன்கூட அனுப்பச் சொல்லிட்டார்."