ஈஸ்ட்டுக்கு நாக்கு கிடையாது

கள்ளக்குறிச்சி,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்புத் தம்பி சர்புதீனுக்கு அக்கா மெகருன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீயும் சபாவும் பிள்ளைகளும் நலமாக இருக்கவும், சின்னசேலத்தில் உன் பேக்கரி அடுப்பு அணையாமல் இருக்கவும் துவா செய்கிறேன். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடு.

முதலில் மூன்று திருத்தங்கள். நான் வீட்டில் ஊறல் போடவில்லை. என் ஃப்ரிட்ஜில் இருப்பது சாராயம் இல்லை. என் மகள் ஜெபீனா பெங்களூரில் படிப்பது அதைக் காய்ச்சுகிற படிப்பும் இல்லை. யாரோ சொன்னதை நம்பி, "அவ பரீட்சைக்கு நான் வரமாட்டேன், எனக்கும் மானம் மரியாதை இருக்கு" என்று சபாவை விட்டு எனக்குப் போன் போட வைத்தாய். நேரில் கேட்க உனக்கு வாய் வரவில்லை. நான் எழுத்திலேயே பதில் சொல்கிறேன். கான்வென்ட்டில் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது: கோபம் வந்தால் எழுது, எழுதினால்தான் பிழை கண்ணுக்குத் தெரியும். நம் ஊரில் சாராயம் என்பது விளையாட்டுச் சொல் இல்லை. அதைக் குடித்துச் செத்த தகப்பன்களின் பிள்ளைகள் படிக்கிற ஊர் இது. அந்தச் சொல்லை உன் அக்கா மேல் ஒருவர் போட்டால், நீ முதலில் என்னை அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

ஜெபீனா என்ன செய்கிறாள் என்று இப்போதாவது தெரிந்துகொள். உன் மச்சான் உயிரோடு இருந்தபோது, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு ஈஸ்ட்டை எழுப்புவாரே, அதை ஏழு வயதில் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அத்தா, ஈஸ்ட்டுக்கு நாக்கே இல்லியே, சக்கர போட்டது அதுக்கு எப்டித் தெரியுது?" என்று கேட்டாள். அவர், "எனக்கு இன்னாம்மா தெரியும்? பன்னு உப்புதா, அத்தோட வுடு" என்றார். அவள் விடவில்லை. ஈஸ்ட்டின் உடம்பு ஒரே ஒரு செல். அதற்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள். வெளியே சர்க்கரை வந்தால் வாசலில் நிற்கிற புரதம் பக்கத்துப் புரதத்தைத் தொடுகிறது, அது அடுத்ததைத் தொடுகிறது, இப்படியே சேதி உள்ளே போய், வளரலாமா, பட்டினியைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கலாமா என்று முடிவாகிறது. யார் யாரைத் தொடுகிறார்கள் என்று வரைபடம் போடுவதுதான் அவள் வேலை. ஒரு விளக்கை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை இந்தப் புரதத்திலும் மறு பாதியை அந்தப் புரதத்திலும் கட்டிவிடுகிற மாதிரி ஒரு ஏற்பாடு. இரண்டும் தொட்டால் விளக்கு எரியும். எரிந்தால் ஒரு கோடு. அதையும் மூன்று தடவை செய்து பார்த்த பிறகே போடுவாள். ஆறு வருடமாக இப்படி ஆயிரக்கணக்கான ஜோடிகளைச் சோதித்திருக்கிறாள், சர்புதீன். அந்த வரைபடத்தில் ஒரு கோடு இதுவரை உலகத்தில் யாரும் போடாதது. அதை முதலில் போட்டவள் நம் பேக்கரியில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண். நீ தினம் விடிவதற்கு முன் எழுந்து அதே ஈஸ்ட்டைப் போட்டுத்தான் மாவு பிசைகிறாய். உன் பன்னில் இருந்தால் வியாபாரம், என் மகள் கையில் இருந்தால் மானக்கேடா?

ஃப்ரிட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்ந்த ஈஸ்ட் சர்க்கரையை உணர்வது போலத்தான் காட்டில் கிடக்கிற ஈஸ்ட்டும் உணருமா என்று பார்க்க, கல்வராயன் மலையில் தானாக விழுந்து அழுகிய பலாப்பழம் கொஞ்சம் வேண்டும் என்றாள். யாரையும் அனுப்ப எனக்கு நம்பிக்கை இல்லை. கொதிநீரில் கழுவிய நான்கு ஜாடிகளோடு நானே வெள்ளிமலை பஸ் ஏறினேன். நம் பேக்கரியில் பாத்திரம் கழுவிய காசியம்மாள் இப்போது அங்கே மகள் வீட்டில் இருக்கிறாள். அவள் நல்ல பழமாகப் பார்த்துப் பறித்து வைத்திருந்தாள். "இது வேண்டாம், கெட்டது வேண்டும்" என்றேன். "யம்மா, எங்க வூட்டுக்கு வந்து யாரும் இப்டிக் கேட்டதில்லமா" என்று தலையில் அடித்துக்கொண்டு, பன்றி முகர்ந்துவிட்டுப் போன ஒன்றைக் காட்டினாள். அதுதான் சரியான பழம். ஜாடியில் அடைத்து மூடியை இறுக்கினேன். அங்கேதான் தப்பு. ஈஸ்ட் மூச்சு விடும், மூடியைத் தளர்த்தி வை என்று ஜெபீனா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். திரும்பி வரும்போது மலையடிவாரச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. கான்ஸ்டபிள் ஏறினார். அவர் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு மூடி படாரென்று தெறித்து அவர் தொப்பியில் பட்டது.

வாசனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. "இன்னாம்மா இது? எத்தினி ஜாடி வெச்சிருக்கீங்க?" என்றார். மறைக்க என்னிடம் எதுவும் இல்லாததால் எழுந்து நின்று, கடைசி சீட் வரை கேட்கும்படி தெளிவாகச் சொன்னேன்: "இதற்குள் இருக்கிறது உயிரோடு இருக்கிறது. சர்க்கரை கிடைத்தால் அதைச் சாராயமாக்கும். என் மகள் ஆறு வருடமாகப் பெங்களூரில் இதைத்தான் வளர்க்கிறாள். இன்னும் கொஞ்ச நாளில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள்." அவர் என்னைப் பார்த்தார், ஜாடியை முகர்ந்தார், "ம்மா, இது அழுவிப்போன பலாப்பழம். வூட்டுக்குப் போயி மொத வேலையா கொட்டிடுங்க" என்று சொல்லி இறங்கிவிட்டார். மரியாதையான பிள்ளை. நான் கொட்டவில்லை. தெறித்தது போக மீதி மூன்று ஜாடிகளும் இன்றைக்கும் என் ஃப்ரிட்ஜில், பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில், மூடி தளர்த்தி, தேதி எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

அடுத்த வாரமே சபாவின் போன் வந்தது. கதை எந்த வழியாகச் சின்னசேலம் வந்தது என்று கண்டுபிடிக்க என் மகளின் முறையையே எடுத்துக்கொண்டேன். மூன்று பேரிடம் மூன்று வெவ்வேறு செய்திகள் சொன்னேன். ஒன்றும் பொய் இல்லை. எதிர் வீட்டு ஜெயம்மாளிடம், ஜெபீனா மூன்றாம் மாடி அறைக்கு மாறியதை. பால்காரரிடம், அவள் புது சைக்கிள் வாங்கியதை. உன் கடைக்கும் நம் பழைய கடைக்கும் மைதா போடுகிற அன்சரிடம், அவள் மூக்குக்கண்ணாடி போட ஆரம்பித்ததை. மூன்றாம் நாள் சபா அழுதுகொண்டே போன் பண்ணினாள்: "மச்சி, ஜெபீனாவுக்குக் கண்ணு போயிடுச்சாமே!" எதைக் குடித்துப் போனதாம் என்பதையும் சொன்னாள், அதை இந்தத் தாளில் எழுத மாட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கம் புள்ளி வைத்து, அன்சரிலிருந்து சபாவுக்குத் தடித்த கோடு போட்டேன். ஆக, என் பெயரைக் கெடுத்தது அன்சர். இனி அவன் மைதா நம் வாசலில் இறங்கக் கூடாது. நீயும் இறக்காதே.

வரும் பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு ஜெபீனா அந்த டாக்டர் பட்டத்துக்காக எல்லார் முன்னாலும் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முன்வரிசையில் இரண்டு நாற்காலி கேட்டு வைத்திருக்கிறாள். ஒன்று எனக்கு. மற்றது அவள் அத்தா உட்கார வேண்டியது. "மாமா வராங்க இல்ல?" என்று நேற்றும் கேட்டாள். சபா சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால் அவள் பதில் தடுமாறாது, அவள் என் மகள். ஆனால் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்ப்பாள். அதை என்னால் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

உன் பிள்ளைகளும் கேள்வி கேட்கிற பிள்ளைகளாக வளரட்டும், அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமையை ரப்பு உனக்குக் கொடுக்கட்டும். சபாவுக்கு என் சலாம்.

இப்படிக்கு,
உன் அக்கா
மெகருன்னிசா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், புரத விஷயத்தில் பிழை இருக்கக் கூடாதே என்று இதை ஜெபீனாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். நீ வரமாட்டேன் என்றது அதில் இருப்பதை மறந்துவிட்டேன், அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்சர் வருகிற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். பிறகு, "அன்சர் மாமாகிட்ட எத்தினி தடவ செஞ்சு பாத்தம்மா?" என்றாள். ஒரு தடவை என்றேன். "மூணு தடவன்னு ஆறு வருஷமா உன்கிட்ட சொல்லிக்கினு இருக்கேன். சரி, நீ மலையிலேருந்து வந்த அன்னிக்கு அவர் எங்க இருந்தார்?" திருநாவலூரில், மச்சினன் கடைத் திறப்புக்கு நான்கு நாள் முன்பே போயிருந்தார். "பஸ்ஸுல எத்தினி பேர்?" நிற்கிறவர்களோடு அறுபது இருக்கும். "அப்போ உன் காலண்டர் தாள்ல ஒரு புள்ளி வெக்காம வுட்டுட்டியே, அது யாரு?" நான் காலண்டர் தாளை எடுத்துப் புள்ளிகளை எண்ணினேன். "நீ எழுந்து நின்ன எடத்துலதாம்மா அறுபது வெளக்கும் எரிஞ்சிருக்கு" என்று சொல்லி, தேர்வு நெருங்குகிற கவலையெல்லாம் மறந்து சிரித்தாள். எனவே அன்சர் மூக்குக்கண்ணாடிக்கு மட்டும்தான் பொறுப்பு. மற்றது நான். அவரைப் பற்றிய வரிகளை ஒரே கோடாக அடித்திருக்கிறேன், கிழித்து எழுதவில்லை. ஜெபீனாவும் தவறிப்போன சோதனைகளை நோட்டிலிருந்து கிழிப்பதில்லை. அவரிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், நீ மைதாவை இறக்கிக்கொள். உன் மேல் உள்ள குற்றம், என்னிடம் கேட்காதது ஒன்றுதான். பஸ்ஸில் சொன்னதை மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன், உட்கார்ந்தபடி சொல்வேன்.

பதினெட்டாம் தேதி வருகிறாயா இல்லையா என்பதை, சபா மூலமாக இல்லாமல், உன் கையெழுத்தில் ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்பு.