வண்டிக்கு ஒரு தொளதொளச் சட்டை

இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது ஸ்கேல்காரர் நன்றாகத் தலையை ஆட்டினார். டாக்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தலை எந்தக் கோணத்தில் ஆடினால் என்ன அர்த்தம் என்பது அவளுக்கு நெடுநாள் பாடம்.

ஸ்கேல்காரர் கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் சின்ன ஸ்கேல் ஒன்று இருக்கும். தெருவில் அதுவே பேராகிவிட்டது. மனைவி வீட்டு முன்னறையில் ஜன்னல் திரையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கிறவள். ஓய்வு பெற்ற கையோடு அவர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. பழைய வண்டிதான், ஆனால் உறுமவிட்டால் தெருவே ஜன்னலைத் திறந்து பார்க்கும். வீட்டில் ரகளை வரக்கூடாதே என்று "உன் பிறந்தநாள் பரிசு" என்று சொல்லி அவள் பேரிலேயே பதிந்துவிட்டார். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

அதன் பிறகு அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. கீழே விழ மாட்டார். கண் திறந்தே இருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார். முதல் தடவை சாப்பாட்டு மேசையில். அடுத்த தடவை வண்டிக்குள். வண்டி நடைபாதையில் ஏறி, பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சைப் பிளந்துவிட்டு நின்றது. பெஞ்சில் யாரும் இல்லை. டாக்டர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "யாரும் இல்லை. அன்னைக்கு."

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்.

"வித்துடலாங்க."

"ஓட்டத்தானே கூடாதுன்னாரு. பாக்கவும் கூடாதுன்னாரா?"

"பாத்துக்கிட்டே இருந்தா ஓட்டத் தோணும்."

"அப்போ மூடி வச்சிடறேன். கண்ணுல படாது."

அவள் ஊசியில் நூல் கோத்து முடித்தாள். "சரி. சாவி என்கிட்ட இருக்கட்டும்."

கொடுத்துவிட்டார். மாற்றுச் சாவி உண்டா என்று அவள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் அவருக்கும் இல்லை.

வண்டிக் கொட்டகை முழுக்க அவளுடைய துணி உருளைகள். அதனால் கார் வெட்டவெளி முற்றத்தில், வெயிலிலும் மழையிலும்தான் நின்றது. மறுநாளே ஸ்கேல்காரர் கவர் கடைக்குப் போனார்.

"தண்ணி இறங்கக்கூடாதுன்னு மட்டும் பாக்காதீங்க சார்" என்றார் கடைக்காரர். "பிளாஸ்டிக் மாதிரி இருந்தா உள்ள வேர்த்துடும். துரு பிடிச்சிடும். துணி மூச்சு விடணும். உள்பக்கம் மெத்துன்னு இருக்கணும், இல்லேன்னா கீறல் விழும்."

"வெளியில இருந்து பாத்தா உள்ள இருக்கிறது தெரியுமா?"

"தெரியாது சார்."

"சுத்தமா?"

"உள்ள யானையே நின்னாலும் தெரியாது."

"இல்லேன்னாலும் தெரியாதே?"

கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, துணி மாதிரிகளைக் கட்டிக் கொடுத்தார்.

அவற்றை மனைவி தையல் மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் டம்ளர் தண்ணீரை ஊற்றினாள். வாயை வைத்து ஊதினாள். உள்பக்கத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். சாம்பல் நிறத் துணி ஒன்றைத் தனியே எடுத்தாள்.

"இது நல்லா மூச்சு விடுது. தண்ணியும் இறங்கலை. உள்ள பூனை வயிறு மாதிரி இருக்கு. வண்டி அளவுக்கே கச்சிதமாத் தச்சுத் தருவாங்களா?"

"தருவாங்க. எனக்குத் தொளதொளன்னு வேணும்."

மேசைமேல் இருந்த அவள் கை நின்றது. "ஏன்?"

"காத்தோட்டம்."

"தொளதொளன்னு இருந்தா காத்துல படபடன்னு அடிச்சு பெயிண்டைத் தேய்ச்சிடுங்க."

"அதுக்குத்தான் பிளாஸ்டிக் பைப்புல ஒரு கூடு பண்ணப்போறேன். வண்டிக்கு மேல நிக்கும். துணி வண்டியில படவே படாது."

"அப்போ கவர் வண்டிக்கா, கூட்டுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

கோடு நூலளவு நகர்ந்தாலும் தாளைக் கிழித்துப்போடுகிற மனிதர் அவர். அவர் வாயிலிருந்து 'தொளதொள' என்ற சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. திரும்பித் தையல் மெஷினை மிதித்தாள். ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று அவர் சந்தோஷப்பட்டார்.

கூடு தயாரானது. கழற்றினால் ஒரு கட்டுப் பைப்பு, மாட்டினால் அச்சு அசல் கார். முன்பக்கம் தாழ்ந்து, கூரை வளைந்து, பின்பக்கம் தூக்கி, கவரைப் போர்த்தினால் அவரே ஏமாந்துபோவார். மாட்டுவது சுலபமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதினார், அம்புக்குறி போட்டார். தொழில் புத்தி.

மனைவி திரை மாட்டிக் கொடுக்க வெளியூர் போகும் நாளெல்லாம் அவருக்குத் திருநாள். வண்டியை வெளியே எடுப்பார், கூட்டை நிறுத்துவார், கவரைப் போர்த்துவார், பறப்பார். அவள் வருவதற்குள் எல்லாம் பழையபடி. திரும்பி வந்ததும் அவள் முற்றத்தில் ஒரு நிமிஷம் நின்று கேட்பாள்.

"வண்டி எப்படி இருக்கு?"

"தூங்குது."

"நல்லாத் தூங்கட்டும்."

ஒரு நாள் பள்ளிக்கூடத் திருப்பத்தில் வளைத்தது ஞாபகம் இருந்தது. அடுத்து ஞாபகம் வந்தபோது வண்டி நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தது. முன்பக்கத்துக்கும் ஒரு குழந்தை வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. குழந்தையின் தாய் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி தானாக நின்றதா, அவர் நிறுத்தினாரா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

வீடு வந்து சேர்ந்து, வண்டியை மூடி, கூட்டை அதன்மேல் மறுபடி மாட்டத் தெம்பில்லாமல் பைப்புக் கட்டை அடியில் தள்ளிவிட்டு, கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தார். மனைவி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இனி அந்தக் கவரைத் தூக்குவதில்லை என்று அவர் தனக்குள் சத்தியம் செய்துகொண்டார். காப்பாற்றவும் செய்தார். தலையைப் படமெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோதும், அவசரத் தையல் இருக்கிறது என்று அவள் கூட வராதபோதும், போக வர அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மழைக்காலம் வந்தது. உள்ளே ஈரம் கட்டியிருக்குமோ என்ற கவலை. துரு ஏறிவிட்டால் என்ன செய்வது? ஓட்டினால்தானே குற்றம், எட்டிப் பார்த்தால் என்ன? கவரின் ஓரத்தைத் தூக்கினார்.

பைப்பு. எண் எண்ணாக, அம்பு அம்பாக, கூடு ஒழுங்காக நின்றது. கார் இல்லை.

கவரை இறக்கிவிட்டு, மறுபடி தூக்கிப் பார்த்தார். வண்டியைக் கவர் செய்திருந்தார். எவனோ கவர்ந்துகொண்டு போய்விட்டான். போனது போதாதென்று கூட்டை மாட்டி, போர்த்தி, அடிக்கயிற்றையும் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். இவ்வளவு மரியாதை தெரிந்த திருடனை அவர் கேள்விப்பட்டதில்லை.

போலீசுக்குப் போக முடியாது. வண்டி அவள் பேரில். அவளிடமும் சொல்ல முடியாது. இந்தக் கூடு தனியாக எதற்கு நிற்கிறது என்று கேட்டால் என்ன பதில்?

அன்று மாலையே அவள் கேட்டாள். "ஈரம் எதுவும் இல்லையே?"

"துளி இல்ல."

"ஞாயித்துக்கிழமை உள்ள ஒரு துடை துடைச்சிடுங்க. சும்மா நிக்கிற வண்டிதான் சீக்கிரம் கெட்டுப்போகும்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேல்காரர் வாளியும் துணியுமாகக் கவருக்குள் தவழ்ந்து போனார். இல்லாத காரை அரை மணி நேரம் கழுவினார். தண்ணீரைத் தரையில் சளசளவென்று அடித்தார். டயருக்காகச் செங்கல்லைத் தேய்த்தார். வெளியிலிருந்து குரல் வந்தது.

"கண்ணாடியையும் துடைங்க."

துடைத்தார். வேறெதுவும் கிடைக்காமல் தன் மூக்குக் கண்ணாடியை.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறு உள்ளே குந்தியிருந்தவருக்கு நினைவு தப்பியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண்ணுக்குள் உலகம் திரும்பி வந்தபோது, வாளி உருண்டு கிடந்தது, வேட்டி நனைந்திருந்தது, கை மட்டும் காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரியே இருந்தது. அவர் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தவழ்ந்து வெளியே வந்து, நனைந்த கோலத்திலேயே முன்னறைக்குப் போய் நின்றார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நம்ம கார் காணாமப் போயிடுச்சு."

"காணாமல்லாம் போகலை" என்றாள் அவள், மெஷினை நிறுத்தாமல். "நல்லா ஓடுதாம். வாங்கினவர் நேத்துதான் போன் பண்ணினாரு."

அவர் அருகிலிருந்த திரைத்துணி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"எப்போ?"

"நீங்க தலைக்குப் படம் எடுக்கப் போனீங்களே, அன்னைக்கு."

"கூட்டை யாரு மாட்டினது?"

"நான்தான். நீங்கதான் நம்பர் போட்டு வச்சிருந்தீங்களே. அம்புக்குறி வேற."

"இத்தனை ஞாயித்துக்கிழமையும் என்னைக் கழுவ விட்டியே."

"ஓட்டினவரே வாயைத் திறந்து சொல்றாரான்னு பாத்தேன்."

மெஷின் நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிஞ்சு வந்துட்டேங்க. வண்டிமேல சாயலாம்னு கையை வச்சேன். கை அப்படியே உள்ள போயிடுச்சு. அந்த வாசப்படியிலயே உக்காந்துட்டேன். உங்க வண்டிச் சத்தம் கேட்டப்புறம்தான் எழுந்து பின்பக்கமாப் போனேன். வந்து சுவரைப் பாத்துப் படுத்தீங்களே, அந்த நாள்."

வெளியே கவர் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஸ்கேல்காரர் ஈர வேட்டியைப் பிழிந்தார்.

"அன்னைக்கு நான் வராமலே போயிருந்தா?"

"அதைத்தான் நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்களைப் போர்த்த எவ்வளவு துணி எடுக்கணும்னு கணக்குப் போட்டேன். கை வேற எந்த வேலைக்கும் வரலை."

அந்தத் துணியைப் பற்றிக் கேட்க அவருக்குத் துணிவில்லை. அவளே சொன்னாள்.

"ரொம்ப ஆகாதுங்க. காருக்கு ஆனதுல கால்வாசி."